வெட்டாமல் விட்ட பச்சைக் கிளை

நேற்று மகளுக்குத் தடுப்பூசி போட அழைத்துப் போயிருந்தேன். நர்ஸ் அவள் கையில் ஸ்பிரிட் பஞ்சை வைத்துத் துடைத்ததும் அந்தச் சில்லென்ற வாசனை மூக்கில் ஏறியது. ஊசி குத்துவதற்கு முன்பே நான் அழ ஆரம்பித்துவிட்டேன். மூன்று வயதுப் பெண் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அம்மாக்காரி மூக்கைச் சிந்துகிறாள். "இட்ஸ் ஓகே அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ ஷாட்" என்று அவள் எனக்குச் சமாதானம் சொன்னாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும் வயது அவளுக்கும் வந்துவிட்டது.

உன் கத்தரிக்கோலின் வாசனை அது. எதை வெட்டினாலும் வெட்டுவதற்கு முன்னால் ஒரு துடைப்பு, வெட்டிய பின் ஒரு துடைப்பு. என் சமையலறையில் கொத்தமல்லிக் கட்டை அவிழ்க்கக்கூட ஸ்பிரிட் கேட்டவள் நீ. நான் கேலி செய்தால், "சிரிக்காதட்டி. ஒரு செடி நோயை இன்னொரு செடிக்குக் கொண்டு போறது கத்திதான்" என்பாய். உன் கைப்பையில் சீப்பு இருக்காது, அந்தச் சின்னப் புட்டி இருக்கும்.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. உன் தம்பி பாளையங்கோட்டையிலிருந்து போன் செய்தபோது எல்லாம் முடிந்து பத்து நாளாகியிருந்தது. காய்ச்சல் என்று நாலு நாள் கிடந்தாயாம், ஐந்தாவது நாள் இல்லை. அவர் சொல்லச் சொல்ல நான் "சரிங்க, சரிங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எது சரி? போனை வைத்த பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு அபத்தம் என்று உறைத்தது. அவரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது, ஆனால் அவருக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அதனால் உனக்கே எழுதுகிறேன். அந்தச் செம்பருத்தி விஷயத்தில் நான் உன்னிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் உன் செடி போயிற்று, செடியோடு உன் இருப்பும் இந்த ஊரில் போயிற்று.

நாம் பழகியதே சண்டையில்தான். பார்சிப்பனியில் ரூட் 46-க்குப் பின்னால் இருந்த அந்த அபார்ட்மெண்டின் அடித்தளத்தில், துணி துவைக்கும் அறையில், என் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி மெஷினிலிருந்து தேநீர் நிறத்தில் வெளியே வந்தது. எனக்கு முன்னால் மெஷினைப் பயன்படுத்தியவள் நீ. டிரம்முக்குள் பாசியும் மண்ணுமாக ஒரு வயலே கிடந்தது. "வேட்டியை எவன் இந்த ஊர்ல மெஷின்ல போடுவான்?" என்று நீ தமிழில் முணுமுணுத்தாய். எனக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துவிட்டாய். "என் புருஷன் போடுவான்" என்றேன். அதற்குப் பிறகு நீ சிரித்த சிரிப்பில் என்னால் கோபத்தைத் தக்கவைக்க முடியவில்லை.

நான் எம்.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு, வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவில், வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவள். நீ தாவர மரபியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, தினம் ஒரு மணி நேரம் தெற்கே கார் ஓட்டிப் போய், ஒரு கண்ணாடிக் கூரைப் பண்ணையில் அலங்காரச் செடி வளர்த்துக்கொண்டிருந்தவள். சனிக்கிழமை உனக்கு என் வீட்டில் சாப்பாடு. ஞாயிறு காலை நீ சர்ச்சுக்குப் போய்விட்டு மத்தியானம் மறுபடி வருவாய். என்னைவிட நாலு வயது மூத்தவள் என்று தெரிந்த பிறகும் 'நீ' என்றே கூப்பிடச் சொன்னாய். அக்கா என்று கூப்பிட்டால் அறிவுரை சொல்ல வேண்டியிருக்குமாம், அதற்கு உன்னிடம் நேரம் இல்லையாம்.

தொண்ணூற்றேழு மே மாதம் ஒரு மாலை, காரை நிறுத்தும் முன்பே ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தாய். மடியில் ஒரு தொட்டி. கையகலச் செம்பருத்திக் கிளை, ஏழெட்டு இலை. ஒவ்வொரு இலைக்கும் ஓரத்தில் பால் வெள்ளையில் கரை போட்டிருந்தது. பண்ணையில் ஆயிரக்கணக்கான பச்சைச் செம்பருத்திகளுக்கு நடுவே ஒன்றில் மட்டும் அப்படி ஒரு கொப்பு கிளம்பியிருந்ததாம். ஆறு துண்டு வெட்டி வேர் பிடிக்க வைத்ததில் ஐந்து போய், இது ஒன்று நின்றது.

"நோயா?" என்று கேட்டேன்.

"நோயாவது! ஏட்டி, கொப்போட நுனி இருக்குல்லா, அது மூணு அடுக்கு. சட்டைக்கு மேல சட்டை போட்ட மாதிரி. இதுல நடு அடுக்குல ஒரே ஒரு செல்லுல பச்சையம் பண்ணுத மரபணு கெட்டுப் போச்சு. அந்தச் செல்லு பெருகிப் பெருகி நடு அடுக்கு பூரா வெள்ளையாயிட்டு. இலையோட ஓரம் நடு அடுக்குல இருந்து வரும், உள்பக்கம் அடி அடுக்குல இருந்து வரும். அதான் ஓரம் மட்டும் வெள்ளை."

"அப்ப இது ஒரு செடியா ரெண்டு செடியா?"

"ரெண்டு. ஒரே வீட்டுல குடியிருக்கு."

விதை போட்டால் இப்படியே வருமா என்று கேட்டேன். விதை நடு அடுக்கிலிருந்துதான் வரும் என்றாய். "அத்தனையும் வெள்ளைக் கன்னா முளைக்கும். பச்சையம் இல்லாம எப்படிப் பிழைக்கும்? விதைக்குள்ள இருக்க சாப்பாடு தீந்ததும் செத்துரும். இதுக்குப் பிள்ளையே தங்காதுட்டி" என்று சொல்லிவிட்டு சட்டென்று வாயை மூடிக்கொண்டாய். அதற்கு முந்தைய வருடம்தான் எனக்கு மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தது. அப்போது என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவளும் நீதான். எழுந்து போய் நீயே டீ போட்டு, சர்க்கரையை இரண்டு மடங்கு கொட்டிக் கொண்டுவந்து கொடுத்தாய். அதைக் குடித்து முடிப்பதற்குள் நான் வேறு பேச்சுக்கு மாறிவிட்டேன்.

உன் மேனேஜர் அந்தச் செடியை நம்பவில்லை. இந்த மாதிரிக் கரை போட்டவை பாதி நாளில் பச்சைக்கே திரும்பிவிடும், பண்ணையில் இதற்கு இடம் கிடையாது, வீட்டுக்கு எடுத்துப் போ என்றார். ஒரு வருடம் கழித்தும் கரை அப்படியே இருந்தால் கொண்டுவந்து காட்டு, அப்போது இதை உன் பெயரில் ஒரு வேலைத் திட்டமாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். உன் விசாவுக்கு ஆறு வருடக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ண வேண்டுமானால் உன் கையில் உனக்கென்று ஒரு செடி வேண்டும். அதற்காகத்தான் உன் படுக்கையறை ஜன்னலில் குழல் விளக்கு கட்டி, அந்த ஒற்றைச் செடிக்குக் கைக்குழந்தை மாதிரி காவல் இருந்தாய். ஞாயிறு தவறாமல் நீல அட்டை நோட்டில் எழுதுவாய்: எத்தனை இலை, கரை எவ்வளவு அகலம், பச்சை ஏதும் கிளம்பியதா, வெட்டியதா. மறந்துபோன வாரம் என்றால் ஊகித்து நிரப்பமாட்டாய். 'பார்க்கவில்லை' என்று எழுதுவாய்.

எட்டு மாதம் கரை நின்றது. தொண்ணூற்றெட்டு ஜனவரியில் விசாவுக்கு முத்திரை குத்த நீ சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று வாரம் என்றாய். பண்ணையில் விட்டால் யாராவது குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று தொட்டியை, விளக்கை, நோட்டை, ஸ்பிரிட் புட்டியை, கத்தரிக்கோலை எல்லாம் என் வீட்டுக்குக் கொண்டுவந்தாய்.

"வாரம் ஒருக்க பாத்தா போதும். அடி அடுக்குல இருக்க பச்சைச் செல்லு மொட்டு கிளம்புத எடத்துல நடு அடுக்குக்குள்ள புகுந்துரும். அப்படி வந்தா அந்தக் கிளை முழுப் பச்சையா இருக்கும். பாக்க ரொம்ப லெச்சணமா இருக்கும், ஏமாந்துராத. அதுக்கு முழு இலையும் சமைக்கும், நம்ம கரைக்காரி பாதி வயித்துக்காரி. விட்டா தண்ணி, வெளிச்சம் எல்லாத்தையும் அது எடுத்துக்கிட்டு இவளைப் பட்டினி போட்டுக் கொன்னுரும். பச்சை தனியா கிளம்புச்சுன்னா யோசிக்காத, அடியோட வெட்டிரு."

"ஒரு கிளையை வெட்டத் தெரியாதா எனக்கு?" என்றேன்.

உனக்குத் தெரியாத ஒன்று, நான் அப்போது மூன்றரை மாதம். முந்தைய தடவை ஊரெல்லாம் சொல்லிவிட்டு ஊரெல்லாம் துக்கம் கேட்கும்படி ஆனதால், இந்தத் தடவை யாரிடமும் சொல்வதில்லை என்று இருந்தோம். ஜனவரிக் குளிரில் ஸ்வெட்டருக்குள் எல்லாம் ஒளிந்துகொண்டது. உன்னை நியூவார்க் ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வரும் வழியில், உன்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று இவர் கேட்டார். வரட்டும், நேரில் சொல்கிறேன் என்றேன்.

நீ போன ஒரு வாரத்தில் அம்மாவுக்கு மாயவரத்துக்கு போன் போட்டுச் சொன்னேன். அழுதாள். அழுது முடித்ததும் குரல் மாறியது.

"பாப்பா, கேட்டுக்கோ. மாசமா இருக்கறவ துளிரைக் கிள்ளக் கூடாது. செடி கொடி எதையும் வெட்டாத. மாப்பிள்ளையும் எதையும் வெட்டக் கூடாது, முடிகூட வெட்டிக்கக் கூடாது. போன தடவை இதெல்லாம் நான் சொல்லாம விட்டுட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் நான் சிரித்திருப்பேன். சொல்லாமல் விட்டுவிட்டேன் என்கிறாள், அதாவது ஒன்றரை வருடமாக அவள் அந்தப் பழியைத் தன் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். போன் கார்டில் நிமிடம் முடிந்து லைன் அறுந்தது. நான் ரிசீவரைப் பிடித்தபடி ஜன்னலோரம் உன் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது அதில் பச்சை எதுவும் கிளம்பவில்லை.

பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு கிளம்பியது. கீழிருந்து நாலாவது கணு, ஜன்னல் பக்கம். அரை விரல் நீளம். நீ சொன்னது சரி, பார்க்க அவ்வளவு லட்சணம். கரை போட்ட இலைகள் எல்லாம் கொஞ்சம் சுருங்கி, நோஞ்சானாக இருக்கும். இது மட்டும் எண்ணெய் தடவியது போல மினுங்கியது. நான் கத்தரிக்கோலை எடுத்தேன். ஸ்பிரிட்டில் துடைத்தேன். கிளையின் அடியில் வாயைத் திறந்து வைத்தேன். அந்த நேரம் பார்த்து வயிற்றுக்குள் முதல் முறையாக ஏதோ அசைந்தது.

நீ விஞ்ஞானி. தற்செயல் என்பாய். நானும் படித்தவள்தான், தற்செயல் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கை வரவில்லை. கத்தரிக்கோலைத் திரும்பத் துடைத்து உறையில் போட்டேன். எதையும் வெட்டாத கத்தரிக்கோலை எதற்காக இரண்டாவது தடவை துடைத்தேன் என்று கேட்காதே.

இவரைச் செய்யச் சொன்னேன். "இதையெல்லாம் நம்பறியா நீ?" என்று கேட்டார். நம்பவில்லை என்றேன். "அப்ப நீயே கட் பண்ணு" என்றார். "நீங்களும் நம்பலைன்னா சலூனுக்குப் போய்ட்டு வாங்க" என்றேன். அவர் தலையைத் தடவிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். பிறகு ஆபீஸில் அந்த முடியைப் பார்த்து, ராக் பேண்டில் சேர்ந்துவிட்டாயா என்று கேட்டார்களாம், அவரும் ஆமாம் என்று சொல்லிவைத்தார். இரண்டு எம்.எஸ்சி. பட்டங்கள் ஒரு அரை விரல் துளிருக்குப் பயந்து ஒரே வீட்டில் குடியிருந்தோம்.

மாடி வீட்டு குஜராத்தி ஆன்ட்டியைக் கூப்பிட்டிருக்கலாம். மாடிப்படி வரைக்கும் போனேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அப்படியே அவர் வந்து வெட்டினாலும் வெட்டு என் வீட்டில்தானே விழும் என்று தோன்றியது. திரும்பி வந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் செடி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். பச்சைக் கிளைக்கு ஒரு முழம் ஆயிற்று, பக்கத்தில் இன்னொன்று கிளம்பிற்று. கரைக்காரியின் இலைகள் ஓரத்திலிருந்து கருகி ஒன்றொன்றாக விழுந்தன. விழுந்த இலையைப் பொறுக்கி எடுக்கும்போது, என் வயிறு பெரிதாவதற்கும் இது மெலிவதற்கும் யாரோ கணக்குப் போட்டிருப்பதுபோல் எனக்கு ஒரு பயம் வரும். தண்ணீர் மட்டும் ஒழுங்காக ஊற்றினேன். அதைக் குடித்ததும் பச்சைதான்.

உனக்கு அங்கே வேறு தொல்லை. தூதரகத்தில் இன்னும் ஒரு காகிதம் வேண்டும் என்றார்கள், கம்பெனி அதை அனுப்ப ஆற அமர இருந்தது. மூன்று வாரம் பதினோரு வாரம் ஆயிற்று. எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிடுவாய், பின்னால் பஸ் ஹார்ன் கேட்கும்.

"பச்சை எதும் கிளம்புச்சா?"

"ஒண்ணு வந்துது. வெட்டிட்டேன்."

"அடியோடயா?"

"அடியோட."

"நீ நல்லா இருப்ப" என்று சொல்லிவிட்டு வைத்தாய். முதல் பொய் சொன்ன பிறகு அடுத்ததெல்லாம் தானாக வந்தது. இரண்டாவது அழைப்பில் இன்னும் இரண்டு வெட்டினேன், மூன்றாவதில் எத்தனை என்று நினைவில்லை.

ஏப்ரலில் வந்தாய். ஏர்போர்ட்டிலிருந்து நேரே என் வீட்டுக்கு, பெட்டி காரிலேயே கிடக்க. கதவைத் திறந்ததும் நீ பார்த்தது என் வயிற்றை. "ஏட்டி! சொல்லவே இல்லியே!" என்று கத்திவிட்டுக் கட்டிக்கொண்டாய். வயிறு இடிக்குமே என்று பின்பக்கமாக வந்து இன்னொரு தடவை கட்டிக்கொண்டாய். அப்போது இவர் அறையிலிருந்து வெளியே வந்தார், காதை மூடிய முடி, கழுத்தை மறைத்த தாடி.

"அண்ணன் என்ன இப்படி..." என்று ஆரம்பித்தாய். முடிக்கவில்லை.

பிறகுதான் ஜன்னல் பக்கம் போனாய். இடுப்புயரச் செம்பருத்தி, கரும்பச்சை, உச்சியில் மூன்று சிவப்புப் பூ. கரைக்காரி இருந்த கொப்பு காய்ந்த குச்சியாக நின்றது. அடியில், மண்ணை ஒட்டி, கரை போட்ட ஒரே ஒரு குட்டித் துளிர் மட்டும் மூன்று இலையோடு பிழைத்திருந்தது. நீ முழங்காலில் உட்கார்ந்தாய். தொட்டியை மெதுவாகத் திருப்பித் திருப்பி, தண்டை அடியிலிருந்து நுனி வரை விரலால் தடவிப் பார்த்தாய். ஒவ்வொரு கணுவாகத் தடவினாய். அதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

"வாரா வாரம் வெட்டினியா?"

"வெட்டினேன். வெட்ட வெட்ட வந்துகிட்டே இருந்துச்சு."

நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். இந்தத் தடவை மெதுவாகக் கேட்டாய். "வெட்டினியாட்டி?"

"வெட்டினேன்."

நோட்டை எடுத்தாய். என் டைனிங் டேபிளில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினாய். நான் உன் தோளுக்கு மேலாகப் படித்தேன். பார்த்துக்கொண்டவர் சொன்னபடி பச்சைக் கிளைகள் வாரந்தோறும் நீக்கப்பட்டன, இருந்தும் பதினோரு வாரத்தில் செடி ஏறக்குறைய முழுதும் பச்சைக்குத் திரும்பிவிட்டது, நிலையில்லாதது. அவ்வளவுதான். பேனாவை மூடினாய்.

அந்த மூன்று இலைத் துளிர் இருந்தது. அதை வைத்து இன்னொரு வருடம் நீ முயன்றிருக்கலாம். 'கவனிப்பு இல்லாமல் போயிற்று, செடியின் குற்றமில்லை, இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்' என்று மேனேஜரிடம் நீ கேட்டிருக்கலாம். நான் வாயைத் திறந்திருந்தால். வாரா வாரம் வெட்டியும் திரும்பிவிட்டது என்றால் செடியே பொய், அதற்கு எந்த அவகாசமும் உதவாது. திங்கட்கிழமை நீயே போய் அவரிடம் அப்படித்தான் சொன்னாய். "விக்கப் போற செடி. வாங்குதவன் வாரா வாரம் கத்தரிக்கோல வச்சிக்கிட்டா உக்காந்திருப்பான்? ஒருத்தரையும் ஏமாத்தக் கூடாது" என்று எனக்கும் சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன் என்பதை இப்போது எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அந்தத் துளிர் ஜூனில் போயிற்று, மகள் பிறந்த வாரம். ஆஸ்பத்திரிக்கு வந்து அவளைத் தூக்கிக்கொண்டு நின்றாய். அவளுடைய காது மடலைத் தொட்டு, "இது அண்ணன் காது. அப்படியே எடுத்து ஒட்டினாப்புல" என்றாய். செடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வருடம் கெடு முடிந்தது, கம்பெனி உனக்காக எதற்கும் அப்ளை பண்ணவில்லை. நியூவார்க்கில் உன்னை வழியனுப்பும்போது சொல்லிவிடுவது என்று காரில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். நீ மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாய், அவள் உன் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள், போர்டிங் என்று கூப்பிட்டார்கள். பாளையங்கோட்டையில் கல்லூரி வேலை கிடைத்த பிறகு நீ போன் செய்தாய், குளிரே இல்லாமல் இருப்பது எவ்வளவு சுகம் என்றாய். அப்போதும் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்துக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இங்கேயே இருந்திருந்தால் அந்தக் காய்ச்சல் வந்திருக்குமா, வந்தாலும் போயிருப்பாயா என்றெல்லாம் இப்போது யோசிக்கிறேன். விடை கிடையாது. யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

இது வரைக்கும் எனக்குத் தெரிந்த கதை. தெரியாமல் இருந்த ஒன்றை ஏப்ரலில் தெரிந்துகொண்டேன். நீ போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. இந்த வீட்டை வாங்கியபோது பின்பக்கம் பழைய சொந்தக்காரர் வைத்த ரோஜா ஒன்று இருந்தது. போன வருடம் இவர் அதில் நாலைந்து கிளையை வெட்டினார். இந்த வருடம் புதுக் கொழுந்து பார்க்கப் போய்க் குனிந்தேன். வெட்டிய இடம் ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது. ஒரு பனிக்காலம் முழுவதும் போயும், தழும்பு தழும்பாக, விரல் வைத்தால் தட்டுப்படும்படி. மொத்தம் ஐந்து. எண்ண முடிந்தது.

அங்கேயே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

வெட்டினால் தழும்பு இருக்கும். உன் செம்பருத்தியின் தண்டில் புதிதாக ஒரு தழும்புகூட இல்லை. நீ விரலால் தடவியது அதைத்தான். கணுக் கணுவாகத் தடவி, இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் என்னைக் கேட்டாய். இவருடைய முடியையும் பார்த்திருந்தாய், என் வயிற்றையும் பார்த்திருந்தாய், நம் ஊர்ப் பெண்ணான உனக்கு இதைக் கூட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இரண்டாவது தடவை மெதுவாகக் கேட்டாயே, அது எனக்குக் கொடுத்த வழி. நான் அதையும் அடைத்தேன். மூன்றாவது தடவை கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன். அதனால் கேட்கவில்லை. ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியை உட்காரவைத்து, நீ பொய் சொல்கிறாய் என்று நிரூபிப்பதற்குப் பதில், ஒரு எண்ணைக்கூட ஊகித்து எழுதாத நீ, நான் சொன்னதை நான் சொன்னபடி எழுதிவிட்டு எழுந்துவிட்டாய். அந்தத் திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குப் போகும்போது உனக்கு எல்லாம் தெரியும்.

இல்லை, ஒருவேளை தெரியாமலும் இருந்திருக்கலாம். களைப்பில் இருந்தாய், இருபது மணி நேரப் பயணம். இப்படியும் சில நாள் நினைத்துப் பார்க்கிறேன். இரண்டில் எது என்று கேட்க இப்போது ஆள் இல்லை.

மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் இதை ஆரம்பித்தேன். எழுதி வரும்போது இன்னொன்றும் சேர்ந்து வருகிறது, அதையும் மறைத்தால் இது மறுபடி ஒரு பொய்யாகிவிடும். அம்மா சொன்னதை நான் அன்றைக்கும் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. ஆனால் அதே ஞாயிறு திரும்பி வந்து, அதே துளிர் கிளம்பி, வயிற்றுக்குள் அவள் அசைந்தால், நான் இப்போதும் வெட்டமாட்டேன். உன் ஆறு வருடம் அதில் தொங்குகிறது என்று தெரிந்தும் வெட்டமாட்டேன். மகள் தூங்குகிறாள், ஊசி போட்ட கை லேசாக வீங்கியிருக்கிறது, தொட்டால் தூக்கத்திலேயே உதறுகிறாள். இவளைப் பார்த்துக்கொண்டு உன்னிடம் வேறு எதைச் சொன்னாலும் வாய் வார்த்தைதான்.

ஆனால் சொல்லியிருக்கலாம். வெட்டாமல் இருந்தது என் பயம், அதற்கு நான் என்ன செய்ய? வெட்டினேன் என்று சொன்னதற்கு எந்தப் பயமும் காரணமில்லை. நீ என்னைப் படிக்காதவள் என்று நினைத்துவிடுவாயே என்ற வெட்கம்தான். அந்த வெட்கத்துக்காக உன் செடியைப் பொய் என்று உன் கையாலேயே எழுதவைத்தேன்.

உன் நோட்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தம்பியிடம் கேட்கவும் வாய் வரவில்லை. அதனால் நீ ஞாயிறுதோறும் எழுதுவது போலவே இங்கே எழுதுகிறேன். பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு, கீழிருந்து நாலாவது கணு, ஜன்னல் பக்கம், பச்சைக் கிளை ஒன்று, அரை விரல். வெட்டவில்லை. அடுத்த வாரம், வெட்டவில்லை. அதற்கடுத்த வாரமும் வெட்டவில்லை. செடி நிலையாகத்தான் இருந்தது.